ருஷ்தி வந்தான், பெட்டி செத்தது

வத்தேகம
04.09.2025

அன்பு மகள் நதீஷாவுக்கு,

அப்பா எழுதுவது. இது உனக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம். முதலாவது எனக்கே வந்துவிட்டது. உறையின் நடுவில் என் விலாசத்தையும் பின்பக்கத்தில் உன்னுடையதையும் எழுதி, முத்திரையை எச்சில் தொட்டு ஒட்டி, பெரிய வேலை முடித்தவன் போலத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் தபால்காரர் கடை வாசலில் நிற்கிறார். முதலாளி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாந்தகுமார், ஒங்கட கையெழுத்துலயே ஒங்களுக்குக் காயிதம் வந்தீக்கி. பதில் போடுவீங்களா, இல்ல கோவமா?" ஆணி வாங்க வந்தவன், பெயின்ட் வாங்க வந்தவன் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரிக்காவிட்டால் இன்னும் அதிக நேரம் சிரித்திருப்பார்கள்.

போன் இருக்கக் கடிதம் ஏன் என்று கேட்பாய். என்னுடையது பட்டன் போன். அம்மாவின் போனில் பேசினால் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசவேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். அதில் எழுதி அனுப்பினால் அவள் பக்கத்து வீட்டுக்கும் கேட்க வாசிப்பாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம். ஆகவே பதிலையும் கடை விலாசத்துக்கே போடு.

விஷயம் ரவுட்டர். ஒன்பது வருடப் பழைய பெட்டி, கம்பனிக்காரன் கைவிட்டுவிட்டான், அதனால் யாரோ நல்ல மனிதர்கள் இலவசமாகச் செய்த ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை உள்ளே போட்டிருக்கிறேன், அதையும் புதுப்பிக்காமல் விட்டால் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது மாதிரி என்று ஆகஸ்டில் வந்தபோது சொன்னாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பெட்டியைப் பார்த்தால் யாரோ எட்டிப் பார்ப்பது போலவே இருக்கிறது.

அம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "அதத் தொட்டீங்கன்னா ஒங்களுக்குச் சோறு இல்ல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவோடும் கனடாச் சனத்தோடும் ஜெபமாலை சொல்வது அந்தப் பெட்டி வழியாகத்தான் அல்லவா.

எப்படிச் செய்வது என்று எனக்குப் புரியும்படி எழுது. நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை மூன்றாம் தடவைதான் பாஸ் பண்ணினேன் என்பது உண்மை. ஆனால் நாற்பது வகை நட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துத் தருவேன். ஒரு பெட்டி என்ன பெரிய பெட்டி.

அப்பா


வெள்ளவத்தை
12.09.2025

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. "ஆரும் செத்துப் போச்சினமோ, பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டுதான் போர்டிங் அன்ரி கையில் தந்தார். இந்தக் காலத்தில் உறையைக் கண்டால் அவருக்கு அதுதான் தோன்றுகிறதாம்.

கேட்டதை எழுதுகிறேன். பெட்டியைக் கவிழ்த்து அடியிலுள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் பதிப்பு எண் இருக்கும். ஒரே பெயரில் விற்ற இரண்டு பெட்டிகளுக்குள் வேறு வேறு பலகை இருக்கலாம். அந்த எண்ணுக்கு உரிய கோப்பைத்தான் இறக்க வேண்டும், அதையும் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். கோப்போடு நீண்ட ஒரு எழுத்து வரிசை தருவார்கள். இறக்கிய கோப்புக்கு நம் கணினி காட்டும் வரிசையும் அதுவும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். மாறியிருந்தால் கோப்பு வழியில் பழுதாகியிருக்கிறது.

பிறகு பழைய அமைப்புகளைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். நம்முடையது மிகப் பழைய பதிப்பு என்பதால் அவற்றைப் புதியதற்குள் அப்படியே கொண்டுபோகக் கூடாது. புதிதாக அமைப்பதே நல்லது. வைஃபையில் செய்யவே கூடாது, கேபிள் குத்தித்தான். எல்லாவற்றிலும் முக்கியம், பட்டனை அழுத்திய பிறகு பத்து நிமிடம் மின்சாரம் போகக் கூடாது. விளக்குகள் அணையும், எரியும், பைத்தியம் பிடித்ததுபோல் மின்னும். அப்போது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. பாதி எழுதும்போது நின்றால் பெட்டி எழும்பாது.

இதை ருஷ்தி செய்யட்டும். கணித டியூஷனில் என்னோடு படித்தவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் திருத்துகிறான், உங்களுக்குத் தெரியும். ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். ஹந்தானை, புசல்லாவைப் பக்கம் பதினொரு தோட்டப் பாடசாலைகளுக்கு இதே மாதிரிப் பெட்டிகள் பூட்டிப் பராமரிக்க எங்கள் கம்பனி ஓர் ஆளைத் தேடுகிறது. அவன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவனிடம் சான்றிதழ் எதுவும் இல்லை என்பதால், அவன் செய்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்கிறார் மேலாளர். நம் வீட்டுப் பெட்டியையே காட்டலாம் என்றிருக்கிறேன். மாத முடிவில் தீர்மானம்.

ஆகவே பட்டனை அவன்தான் அழுத்த வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும் அப்பா. தயவுசெய்து தொடாதீர்கள்.

நதீஷா


வத்தேகம
29.09.2025

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை ருஷ்தி வந்தான். நீ எழுதியபடி கேபிள், மடிக்கணினி, கரண்ட் போனாலும் தாங்குகிற யூபிஎஸ் பெட்டி எல்லாம் கொண்டு வந்தான்.

ரவுட்டர் செத்துவிட்டது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. நேற்று அம்மாவால் ஜெபமாலைக்குச் சேர முடியவில்லை.

பையனைத் திட்டாதே. வயது அப்படி.

கடையில் இன்று தகரம் வந்து இறங்கியது. கை வலிக்கிறது, கூட எழுத முடியவில்லை.

அப்பா


வெள்ளவத்தை
06.10.2025

அன்புள்ள அப்பா,

முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். "தொடாதீர்கள்" என்று உங்களுக்கு எழுதினேன். தொட்டுக் கெடுத்தது நான் நம்பிய ஆள்.

அவனுக்குப் போன் எடுத்தேன். என்ன நடந்தது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லவில்லை. கடைசியில், "என்ட யூபிஎஸ் சரியில்ல போல" என்றான். அவ்வளவுதான். யூபிஎஸ் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு வர வேண்டாமா? பதினொரு பாடசாலைகளில் பிள்ளைகள் காத்திருக்கும்போதும் இப்படித்தான் போய் நிற்பானா? கோபத்தில் நிறையச் சொல்லிவிட்டேன். அவன் எல்லாவற்றுக்கும் "சரி" என்றான். அதுவே எனக்கு இன்னும் கோபம்.

மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி அவன் பெயரை எடுத்துவிட்டேன். தீர்மானம் ஒக்டோபர் கடைசிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. வேறு ஒருவரைப் பார்க்கிறார்கள். அவனுடைய எண்ணையும் என் போனில் தடுத்துவிட்டேன். பத்து வருடப் பழக்கம் அப்பா. பரவாயில்லை.

நீங்கள் மட்டும் அவனைத் திட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இங்கே கூட இருக்கும் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒங்க அப்பா எவ்வளவு நல்லவர்" என்றாள்.

அந்தச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறதா, நிலையாக எரிகிறதா? அதை மட்டும் எழுதுங்கள்.

நதீஷா


வத்தேகம
11.10.2025

அன்பு மகளுக்கு,

நிலையாக எரிகிறது.

இதற்கு மேல் எழுத வேண்டியதை மூன்று தாளில் தொடங்கிக் கிழித்தேன். இது நான்காவது. ஹாஜியார் தொழப் போயிருக்கிறார், கடையில் ஆள் இல்லை, வேகமாக எழுதிவிடுகிறேன்.

என் போன கடிதத்தில் பொய் ஒரு வரிகூட இல்லை. எடுத்துப் பார். ருஷ்தி வந்தான் என்பது உண்மை. ரவுட்டர் செத்தது என்பதும் உண்மை. இரண்டு உண்மையைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு பொய் கட்டினேன். நடுவில் ஒரு ஆள் இருந்தான். அது நான்.

அன்று அவன் ஸ்டிக்கர் எண்ணை டோர்ச் அடித்துப் பார்த்தான். அந்த நீண்ட வரிசையை நான் வாசிக்க அவன் சரி பார்த்தான். பிரதி எடுத்தான். யூபிஎஸ்ஸில் ரவுட்டரைக் குத்தி, சுவர்க் கரண்டை நிறுத்தி, ஓடுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தான். யூபிஎஸ்ஸில் ஒரு குறையும் இல்லை மகள். எல்லாம் முடித்து, கணினித் திரையில் ஒரு பட்டன் மட்டும் மிச்சம். அப்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. "அங்கிள், பள்ளிக்குப் போய்ட்டு இருபது நிமிஷத்துல வாறேன். வந்துதான் அமத்துவேன். நீங்க தொட்டுடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அம்மா மாதா கோவிலுக்குப் பூ அலங்காரம் செய்யப் போயிருந்தாள்.

பத்து நிமிடம் அந்தப் பட்டனையே பார்த்திருந்தேன். பிறகு நான் அமர்த்தினேன்.

ஏன் என்று கேட்காதே. ஒரு சின்னப் பட்டன். வேலை எல்லாம் அவன் முடித்துவிட்டான், அவன் வரும்போது முடிந்திருந்தால் "பாத்தியா தம்பி" என்று சொல்லலாம். அவ்வளவுதான் என் திட்டம். நீ எழுதியது போலவே விளக்குகள் அணைந்து எரிந்து மின்னின. கைகட்டி நின்று பார்த்தேன். நான்கு நிமிடம் பெரிய எஞ்சினியர்.

ஐந்தாவது நிமிடம் மலைப் பக்கம் இடி இடித்தது.

இந்த வீட்டில் இடி இடித்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். டீவி கருகிப்போன வருடத்திலிருந்து, முதல் இடிக்கே வீட்டிலுள்ள பிளக் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜ், டீவி, ரவுட்டர் என்ற வரிசையில் ஓடுவேன். இந்தத் தெருவில் எத்தனையோ வீட்டில் அப்படித்தான். கை என் மூளையிடம் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன், டீவியைப் பிடுங்கினேன், யூபிஎஸ்ஸிலிருந்து ரவுட்டரையும் பிடுங்கினேன். பிடுங்கிக் கையில் பிடித்த பிறகுதான் நீ எழுதிய பத்து நிமிடம் ஞாபகம் வந்தது.

ருஷ்தி அப்போதுதான் நனைந்துகொண்டு உள்ளே வந்தான். பிளக் என் கையில். பார்த்தான். "கரண்ட் போச்சா அங்கிள்?" என்று கேட்டான். நான் "ஆமா தம்பி" என்றேன். எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

அம்மா வந்து சிவப்பு விளக்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிடித்துக்கொண்டாள். "ஒங்கள நம்பிக் குடுத்தா இப்படியா தம்பி செய்வீங்க? தெரியாட்டி தெரியாதுன்னு சொல்றதுதானே!" அவன் தலை குனிந்து நின்றான். நான் அங்கேயே கதிரையில் இருந்தேன். எழும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன். கை வலி என்றதும் சும்மா. அன்று தகரம் வரவில்லை.

உன் கூட்டாளிப் பெண்ணிடம் சொல்லிவிடு, அப்பா நல்லவர் இல்லை என்று.

அப்பா


வெள்ளவத்தை
16.10.2025

அப்பா,

நீங்கள் பிளக்கைப் பிடுங்கியதில் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அந்த வீட்டில் இடி கேட்டால் பிடுங்கியிருப்பேன். பட்டனை அமர்த்தியதில்கூடக் கோபம் இல்லை. வாசித்தபோது சிரிப்புத்தான் வந்தது, அழுகையோடு.

"பையனைத் திட்டாதே. வயது அப்படி." இந்த இரண்டு வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அவன் செய்யாததை அவன் தலையில் வைத்ததோடு விடாமல், மேலே ஏறி நின்று மன்னிக்கவும் செய்தீர்கள். நான் அதை இன்னொருத்திக்கு வாசித்துக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

ருஷ்தியோடு பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க நதீஷா, அங்கிள் பாவம்" என்றான். உங்களைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

மேலாளரிடம் போனேன். ஒருமுறை எடுத்த பெயரை என் வாய்ப்பேச்சை மட்டும் நம்பித் திரும்பப் போட முடியாது என்கிறார். முதலில் ஒன்று சொன்னாய், இப்போது இன்னொன்று சொல்கிறாய் என்கிறார். நியாயம்தான். வீட்டுக்காரர் நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினால், முப்பதாம் திகதிக்கு முன் பார்க்கலாம் என்றார்.

அதை எழுதுவீர்களா என்று கேட்கவில்லை. எழுதுங்கள். ருஷ்தியின் கடைக்குப் போய் உங்கள் வாயால் சொல்லுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள். நான் அம்மாவிடம் சொல்ல மாட்டேன், ஸ்பீக்கரிலும் சொல்ல மாட்டேன்.

அதுவரை என்னிடமிருந்து கடிதம் வராது.

நதீஷா


வத்தேகம
27.10.2025

அன்பு மகளுக்கு,

எழுதி அனுப்பிவிட்டேன். பதிவுத் தபாலில். இந்த முறை விலாசத்தைத் தபாற்கந்தோர்ப் பெண்ணிடம் காட்டிச் சரி பார்த்துக்கொண்டேன். "பட்டனை அமர்த்தியதும் பிளக்கைப் பிடுங்கியதும் வீட்டுக்காரனாகிய நான். திரு. ருஷ்தி செய்த வேலையில் பிழை எதுவும் இல்லை" என்று எழுதி, கீழே கையெழுத்தும் அடையாள அட்டை எண்ணும் போட்டேன். எண்ணைக் கேட்கவில்லைதான். போட்டால் கனம் கூடும் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் பதினெட்டாம் திகதி சொன்னேன். ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். நான் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. "நான் அவனத் திட்டுறப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். "கதிரையில" என்றேன். கையைக் கழுவிவிட்டு, அந்த மாவை அப்படியே விட்டுவிட்டு, அந்த நேரமே ருஷ்தி கடைக்குப் போய்விட்டாள். எனக்கு முன்னால் அவள் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். திரும்பி வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு இருந்தது, பேச்சு இல்லை.

நான் போனது மறுநாள் பகல். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகலாம் என்று மூன்று தடவை கடையைத் தாண்டி நடந்தேன். நான்காவது தடவை பக்கத்து மணிக்கூட்டுக் கடை அரூஸ் நானா கூப்பிட்டார். "சாந்தகுமார், என்ன தொலைச்சீங்க? நானும் தேடவா?" என்றார். அதற்கு மேல் நடக்க வழியில்லை. உள்ளே போனேன். ஒரு டீச்சர் உடைந்த போனோடு நின்றார், இரண்டு பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் கவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அரூஸ் நானாவும் என் பின்னாலேயே வந்துவிட்டார். வரட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"தம்பி, அன்னைக்குக் கரண்ட் போகல்ல. நான்தான் புடுங்கினேன். பட்டனையும் நான்தான் அமத்தினேன். ஒங்க மேல பழியப் போட்டுட்டு மகளுக்கும் காயிதம் எழுதினேன்."

"அங்கிள், மெல்லமா. கஸ்டமர் நிக்கிறாங்க."

"கேக்கட்டும் தம்பி."

"கரண்ட் போகல்லன்னு எனக்கும் தெரியும்தானே. பல்ப் எரிஞ்சிச்சே."

"அப்ப ஏன் அப்படிக் கேட்டீங்க?"

அவன் அந்த டீச்சரின் போனைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "வேற என்ன கேக்குறது அங்கிள்? கையில பிளக்க வச்சிக்கிட்டு ஒரு மனிசன் நிக்கிறாரு."

அரூஸ் நானா சிரித்தார். டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை மகள். எப்போதும் என்னை நானே முதலில் கேலி செய்துகொண்டு தப்பிவிடுவேன். அன்று வாய் வரவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான், நாங்கள் கூப்பிடாமலே. ரவுட்டரின் பின்பக்கத் துளையில் ஊசியைக் குத்திப் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்தான். அப்படி எழுப்பினால் பெட்டி ஒரு சில விநாடி மட்டும் புதிய கோப்பைக் கேட்டுக் காத்திருக்குமாம், அதற்குள் கேபிள் வழியாகக் கொடுத்துவிட வேண்டுமாம். முதல் தடவை சரிவரவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. பத்து நிமிடமும் நான் என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ரவுட்டரை இல்லை. பச்சை விளக்கு வந்தது. புதிய பதிப்பு, புதிய பாஸ்வேர்ட். அவன் அதைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தான், என்னிடம் கொடுக்கவில்லை.

ஹந்தானையில் ஒரு பாடசாலையில் முதலில் பூட்டிக் காட்டச் சொல்லி உங்கள் கந்தோரிலிருந்து அழைப்பு வந்ததாகச் சொன்னான். மற்றப் பத்தும் அதைப் பார்த்துத்தானாம். கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அவன் விஷயத்தில் நான் எதையும் சொல்லும் தகுதியில் இல்லை.

இரவு நீ அம்மாவுக்குப் போன் எடுத்தாய். "அப்பா இருக்காரா?" என்று கேட்டாய். "ம்" என்றேன். "சாப்பிட்டீங்களா?" என்றாய். "ம்" என்றேன். ஸ்பீக்கர் போட்டிருந்தது என்பது ஒரு சாட்டு. ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைக் கடையில் அத்தனை பேர் முன்னாலும் நான் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. ருஷ்திக்குத் தெரியும், அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

அன்று அம்மா கோவிலிலிருந்து வந்ததும் அவன் நனைந்திருப்பதைப் பார்த்து முதலில் தேத்தண்ணி ஊற்றி மேசையில் வைத்தாள். பிறகுதான் சிவப்பு விளக்கைக் கண்டாள். அவன் திட்டு வாங்கிக்கொண்டு நின்றான், கோப்பையைத் தொடவில்லை. ஆறிவிடப் போகிறதே என்று நான் எடுத்துக் குடித்தேன். கடைசி வரை குடித்தேன். இஞ்சி போட்டிருந்தாள், நன்றாக இருந்தது.